நார்த்தேயின் மூத்த மகள்

வெளியூர்க்காரர்கள் எங்கள் சந்துக்கு வருவது சனிக்கிழமைகளில். கலங்கரை விளக்கத்தில் ஏறி இறங்கி, வியர்த்து விறுவிறுத்து, தண்ணீர் பாட்டிலும் கையுமாக வருவார்கள். முதலில் கண்ணில் படுவது ஜடை பின்னும் என் கடைதான். ஆனால் என்னை யாரும் படம் எடுப்பதில்லை. எதிர் முற்றத்தில் மீனைப் புகைபோட்டு வாட்டுகிற வட்ட வட்டமான களிமண் அடுப்புகளுக்கு நடுவில், புகையில் கண் சிவந்து, முழங்கை வரை மீன் செதிலோடு நிற்கிறாளே நார்லே, அவளைத்தான் எடுப்பார்கள். கேட்டுவிட்டு எடுக்கும் வழக்கம் கிடையாது. தெருவில் போகிற ஆட்டுக்குட்டியை எடுப்பது போல எடுப்பார்கள்.

நார்லே அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். படம் எடுத்தவர் கையில் உடனே ஒரு மீன் தட்டைத் திணித்துவிடுவாள்.

"எடுத்தியா? நல்லா விழுந்துச்சா? சரி, இந்தத் தட்ட அந்த அடுப்பு மேல வை. நான் உனக்கு வேலை செஞ்சேன்ல, நீ எனக்குச் செய்."

பாதிப்பேர் சிரித்துக்கொண்டே ஓடிவிடுவார்கள். மீதிப்பேர் வைக்கப் போய் விரலைச் சுட்டுக்கொள்வார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கும்.

நார்லேயை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி நார்த்தேவுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. அவனைக் கையில் பிடித்துக்கொண்டு, மீன்கூடையைத் தலையில் சுமந்துதான் அவள் வளர்ந்தாள். நடுவில் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் கோபம் தன் கோபத்தில் கால்வாசிகூடத் தேறாது என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டாள். அதன் பிறகு அவளுக்கு எல்லாமே அடுப்பும் தம்பியும்தான். அவன் அடுத்தவர் படகில் கடலுக்குப் போனான். கடல் ஓய்வெடுக்கும் நாளென்று செவ்வாய்க்கிழமை வலை தொடாதவன், பெரியவர்களுக்கு எதிரில் குரல் உயர்த்தாதவன். தாவியா என்கிற பெண்ணைக் கட்டினான். அவள் மாசமாக இருக்கும்போது, மூடுபனியில் ஏதோ ஓர் இழுவைக் கப்பல் படகை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்தக் கப்பல் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். செத்தவன் மீன்காரன்தானே.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. தாவியா பெற்றவர்கள் வீட்டில் இருந்தாள். நார்லே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என் கடை வாசலில் நின்றுகொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். தம்பி செத்த அன்று அவள் அழவில்லை, திட்டினாள்.

"மூக்கு அப்படியே அவன் மூக்குடீ ஷோமே. அடோலே. என் தம்பியோட அடோலே."

எங்கள் கா இன மக்களிடம் பெயர் என்பது கடையில் தொங்குகிற சரக்கு இல்லை. வீட்டுக்கு வீடு தனிப் பெயர் வரிசை. நார்லே வீட்டில் ஒரு தலைமுறைக்கு நார்லே, நார்த்தே என்று வந்தால் அடுத்த தலைமுறைக்கு அடோலே, அடோட்டே என்று வரும். அதற்கடுத்து மறுபடி பழையது. ஒருவனுக்கு முதல் பெண் அடோலே, இரண்டாவது அடோக்கோர். பெயரைச் சொன்னால் போதும், யார் வீடு, எந்தத் தலைமுறை, எத்தனையாவது பிள்ளை என்று கிழவிகள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயரும் பிறந்த உடனே கிடைக்காது. எட்டாம் நாள் வரை பிள்ளை வெறும் விருந்தாளி. இருக்கலாம், வந்த வழியே போய்விடலாம். எட்டாம் நாள் விடியலில் தகப்பன் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து, வெறும் தரையில் கிடத்தி, வீட்டுத் தலைவர் சோளக்கள்ளை மண்ணில் ஊற்றி, முன்னோரைக் கூப்பிட்டு, இன்னாருடைய இத்தனையாவது பிள்ளை, பெயர் இது என்று சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு வாக்காகச் சொல்லி நிறுத்த, கூடியிருப்பவர்கள் "ஹியாவ்" என்று சேர்ந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த வாக்கு ஏறும்.

வீட்டுத் தலைவர் அடோட்டே. நார்லேயின் சித்தப்பா. நல்ல குரல், நல்ல உயரம், வெள்ளைத் துணியைத் தோளில் போட்டால் பார்க்கிறவர்களுக்குக் கும்பிடத் தோன்றும். அந்தக் குரலையும் உயரத்தையும் கண்டுபிடித்தவன் லார்யா என்கிற சுற்றுலா வழிகாட்டி. வெளியூர்க்காரர்களைக் கோட்டைக்கும் மீன் துறைக்கும் அழைத்துப் போய்க்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று ஒரு யோசனை. வருகிறவர்களுக்கு ஒரு பெயரும் வைத்து அனுப்பினால் என்ன?

முதலில் கிழமைப் பெயர்தான் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பிறந்தவன் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவள் அமா. அதில் யாருக்கும் நஷ்டமில்லை, நாடு முழுக்கக் கோஃபிகள்தான். ஆனால் கிழமைப் பெயரை ஓட்டல் வரவேற்பில் இருக்கிற பெண்ணே சும்மா சொல்லிவிடுவாள். காசு கொடுத்தவர்கள் இன்னும் அழுத்தமாக ஏதாவது வேண்டும் என்றார்கள். லார்யா சித்தப்பாவின் காதைக் கடித்தான். அவ்வளவுதான், பெயர் வைக்கும் சடங்கே நாடகமாக முற்றத்துக்கு வந்துவிட்டது. மணிமாலை, வெள்ளைத் துணி, நான்கு மேளக்காரர்கள். கள் மட்டும் நிஜக் கள். சித்தப்பா கலப்படக் கள்ளைக் கையால் தொட மாட்டார், அவ்வளவு ஆசாரம்!

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், அந்தச் சனிக்கிழமை. நார்லே துறைக்கு மீன் எடுக்கப் போயிருந்தாள், பெயர் வைக்கும் நாளுக்கு நல்ல மீனாகப் பார்த்து வாங்க. நான் ஒரு பெண்ணுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் வரிசையாக வெளியூர்க்காரர்கள். கடைசியாக டெனிஸ் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி, எங்கள் கறுப்பு நிறம்தான். அவளுடைய முன்னோர்களை எந்தக் காலத்திலோ இந்தக் கரையிலிருந்துதான் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றினார்களாம். எந்த ஊர், எந்த வீடு என்று எதுவும் தெரியாதாம். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சித்தப்பா கள்ளை ஊற்றிக்கொண்டே வந்தார். "இவள் யாருடைய பிள்ளை?" என்ற இடத்தில் ஒரு தகப்பன் பெயர் வந்தாக வேண்டும். அந்த மனிதர் மூச்சுக்கூட விடாமல் சொன்னார்: "நார்த்தேயின் மூத்த மகள், அடோலே."

மேளக்காரர்களும், முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்த வீட்டு ஆண்களும் "ஹியாவ்" என்றார்கள்.

என் கையிலிருந்த சீப்பு விழுந்துவிட்டது. பாதி பின்னின தலையோடு அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு நான் துறைக்கு ஓடினேன்.

நார்லே வந்த வேகத்தில் கூடையைக்கூட இறக்கவில்லை. தலையில் கூடையோடு சித்தப்பாவின் நாற்காலிக்கு எதிரில் நின்றாள். வெளியூர்க்காரர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"சித்தப்பா, ஷோமே சொல்றது நிஜமா?"

"அதெல்லாம் ஒரு விளையாட்டும்மா. வந்தவங்க சந்தோஷத்துக்கு."

"விளையாட்டா? ஊத்துனது கள்ளா, தண்ணியா?"

"கள்ளுதான்."

"கூப்புட்டது யார? என் தாத்தனையா, லார்யாவோட தாத்தனையா?"

"நம்ம பெரியவங்களத்தான். வேற யாரக் கூப்புடுறது?"

"அப்ப எப்புடி விளையாட்டாகும்? செத்தவங்களை எழுப்பி உக்கார வெச்சு அவங்க முன்னாடி பொய் சொன்னீங்களா, இல்ல நிஜம் சொன்னீங்களா? பொய்யின்னா பெரியவங்களுக்கு ஆடு வெட்டி மன்னிப்புக் கேளுங்க. நிஜம்ன்னா, அந்தம்மா என் தம்பி மகளாயிட்டா. எதுன்னு சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற லார்யா பல்லைக் காட்டினான்.

"அக்கா, ஒரு பேருதானே. வாயில வந்துடுச்சு. ரெண்டு நாளா வீட்டுல இதே பேச்சு, அடோலே அடோலேன்னு. பெரியவரு என்ன பண்ணுவாரு?"

"நீ பேசாத. உன் வீட்டுல பேரே இல்லியா? உங்கம்மா பேர வைக்கிறதுதான?"

ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். சித்தப்பாவுக்குச் சொந்தத்தில் நான்கு பையன்கள், உயிரோடு, திடகாத்திரமாக. அவர்களில் ஒருவனைத் தகப்பனாகச் சொல்லியிருக்கலாமே? சொன்னால் மருமகள்கள் விளக்குமாற்றோடு வருவார்கள். அதனால் செத்தவனாகப் பார்த்து எடுத்தார். அதை அவரே அன்று வாய்விட்டுச் சொன்னார், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

"நார்த்தே வந்து கேக்கவா போறான்?"

நார்லே கூடையை இறக்கி வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அவள் மெதுவாக ஏதாவது செய்தால் எங்கள் சந்தில் நாய்கூட எழுந்து போய்விடும்.

"அவன் வரமாட்டான். நான் இருக்கேன்ல. வியாழக்கிழமை அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வைப்பீங்க?"

சித்தப்பா வெள்ளைத் துணியைச் சரிசெய்துகொண்டார். "ஊத்துன கள்ள அள்ள முடியாது. ரெண்டாவது பேரு வெப்போம். அடோக்கோர். அதுவும் நம்ம வீட்டுப் பேருதானே. என்ன குறைஞ்சுபோச்சு?"

என்ன குறைந்துபோயிற்றாம்! அந்தப் பிள்ளை வளர்ந்து எங்கே போய்ப் பெயரைச் சொன்னாலும், "அடோக்கோரா? உன் அக்கா எங்கே?" என்று கேட்பார்கள். கல்யாணத்தில் கேட்பார்கள், சாவு வீட்டில் கேட்பார்கள். இல்லாத அக்காவுக்குப் பின்னால் அது ஆயுசு முழுக்க நிற்க வேண்டும். தகப்பன் முகம் பார்க்காத பிள்ளைக்குத் தகப்பன் விட்டுப்போனது அந்த ஒரு இடம்தான், நார்த்தேயின் மூத்த மகள் என்கிற இடம். அதையும் ஒரு கிழவர் கள்ளோடு சேர்த்து ஊற்றிவிட்டு, துணியைச் சரிசெய்துகொள்கிறார்.

ஆடு வெட்டி வாக்கைத் திரும்ப வாங்கினால் தீர்ந்தது. ஆனால் வீட்டுத் தலைவர் வாய் தவறினது என்று ஊருக்குத் தெரிந்தால், அடுத்த சனிக்கிழமை அவர் எந்த முகத்தோடு ஊற்றுவார்? முடியாது என்றுவிட்டார்.

மறுநாள் காலை நார்லே என்னை இழுத்துக்கொண்டு அந்தப் பெண்மணி தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனாள். குளித்துத்தான் வந்தாள். ஆனால் இருபது வருஷப் புகை ஒரு குளியலில் போகுமா? வாசலில் காவலாளி மூக்கைச் சுளித்தான்.

"மீன் குடுக்கிறவங்கல்லாம் பின்வாசல்."

"மீன் குடுக்க வரலடா. என் மருமகளைப் பாக்க வந்தேன்."

"உன் மருமக இங்க வேலை பாக்குறாளா?"

"இல்ல. மேல படுத்திருக்கா. அமெரிக்காக்காரி. போய் எழுப்பு, அத்தை வந்திருக்கேன்னு சொல்லு."

அவன் சிரித்தான். ஆனால் டெனிஸ் அந்த நேரத்தில் சாப்பிட இறங்கி வந்தாள், கழுத்தில் எங்கள் முற்றத்து மணிமாலையோடு. அடோலேயைத் தேடி வந்திருக்கிறோம் என்று நான் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்து ஓடிவந்தாள். பாவம்.

"உனக்கு வயசு என்னம்மா?" என்று நார்லே கேட்டாள்.

"நாப்பத்தாறு."

"உன் அப்பனுக்கு முப்பதுகூட ஆகல. அவன் செத்தும் ஆறு மாசம் ஆகல. நீ தலை மழிக்கல, துக்கத் துணி கட்டல. மூத்த மக செய்யுற காரியமா இது?"

டெனிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கப்பா ஊருல நல்லாத்தான் இருக்காரு. நேத்துகூடப் பேசினேன்," என்றாள்.

பிறகு நார்லே சொன்னாள். படகு, பனி, தாவியா, பிறந்து நான்கு நாளான பிள்ளை, எல்லாவற்றையும். டெனிஸ் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்தபோது அவள் முகம் மாறிப்போயிருந்தது.

"நான் லார்யாகிட்ட கேட்டேன். இது யாரோட பேரும் இல்லியேன்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். யாரும் எடுக்காம சும்மா கிடக்கிற பேருன்னு சொன்னான். எங்க குடும்பத்துப் பேரையெல்லாம் ஒருத்தன் பறிச்சுக்கிட்டான். நான் இன்னொரு பிள்ளை பேரைப் பறிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

அவள் அழ ஆரம்பித்தாள். நார்லே தட்டிக்கொடுக்கவில்லை.

"அழுகைய நிறுத்து. வியாழக்கிழமை விடியுறதுக்கு முன்னாடி வா. பொம்பளைங்களோட உக்காரு. என்ன நடந்தாலும் வாயத் திறக்காத."

அன்றிலிருந்து நார்லே மாலை வேளைகளில் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவு கதவாகப் போனாள். அந்த வீட்டுப் பெண்கள், கட்டிக்கொடுத்துப் போனவர்கள், கட்டிக்கொண்டு வந்தவர்கள், ஒருத்தியை விடவில்லை. எல்லோரிடமும் ஒரே பேச்சு. சித்தப்பா அடோக்கோர் என்று சொன்னால் 'ஹியாவ்' சொல்லாதீர்கள். சிலர் பயந்தார்கள். பதில் இல்லாமல் ஊற்றின கள் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

"பொய்க்குப் பதில் சொன்னது மட்டும் ஆகுமா?" என்று நார்லே கேட்டாள். சரி என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் குறைவு. தலைவர் தலைவர்தானே. அவர் கோபித்தால் அந்த முற்றத்தில் ஒருத்தி துணி காயப்போட முடியாது.

வியாழக்கிழமை, கிழக்கு வெளுக்கும் முன் முற்றம் நிறைந்துவிட்டது. டெனிஸ் சொன்னபடி வந்தாள், மணிமாலை இல்லாமல். லார்யாவும் வந்திருந்தான், கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. தாவியா குழந்தையைக் கொடுத்தாள். தகரக் கூரையில் தண்ணீரை விசிற, முதல் மழை போலத் துளி துளியாகப் பிள்ளை மேல் சொட்டியது. தரையில் கிடந்து அது வீறிட்டது. சித்தப்பா சுரைக்குடுவையைத் தூக்கினார்.

என்ன குறை சொன்னாலும் அந்தக் குரல் குரல்தான். கடலைக் கூப்பிட்டார், மண்ணைக் கூப்பிட்டார், பெரியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் "ஹியாவ்" என்றோம், வஞ்சகமில்லாமல், நிறைவாக. பிறகு அந்த இடம் வந்தது.

"நார்த்தேயின் இரண்டாவது மகள், அடோக்கோர்."

ஒரு சத்தமும் இல்லை. ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் ஆரம்பித்து, தங்கள் குரல் தனியாகக் கேட்டதும் விழுங்கிவிட்டார்கள். குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. கடல் மட்டும் கேட்டது.

காது கேட்கவில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, சித்தப்பா மறுபடி சொன்னார், இன்னும் உரக்க. எனக்குப் பக்கத்தில் ஓயோக் கிழவி. எழுபது வருஷமாக யார் கள் ஊற்றினாலும் பதில் சொல்லிப் பழகின வாய், தானாகத் திறந்தது. நார்லே திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கிழவி முந்தானையை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

கள் சித்தப்பாவின் கால் மேலேயே சிந்தியது. வானம் வெளுத்துக்கொண்டே வந்தது. வெயில் படுவதற்குள் பெயர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பிள்ளை விருந்தாளியாகவே நிற்கும். நாங்கள் பிடிவாதம் பிடித்து அந்தப் பச்சை மண்ணைக் கெடுக்கிறோமோ என்று பயந்தேன். நார்லேயைப் பார்த்தேன். அவள் உதடு இறுகியிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, புகையில்லாமலே.

"நார்லே, பிள்ளை குளுருல கிடக்குது. சொல்லச் சொல்லும்மா அவங்கள," என்றார் சித்தப்பா. தலைவர் குரல் இல்லை அது.

"நீங்க சொல்லுங்க சித்தப்பா. நீங்க நிஜத்தச் சொன்னா அவங்க சொல்லுவாங்க."

அவர் டெனிஸைப் பார்த்தார். அவள் அவரை நேருக்கு நேர் பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காசு கொடுத்து வாங்கினவளே வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கும்போது யாருக்காக விற்பது? சித்தப்பா குடுவையைத் தாழ்த்தி, மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"பெரியவங்களே, சனிக்கிழமை என் வாய் தவறிப்போச்சு. ஆடு தர்றேன். அன்னிக்குச் சொன்னத எடுத்துக்காதீங்க. இதோ கிடக்கிறா பாருங்க, இவதான். நார்த்தேயின் மூத்த மகள், அடோலே."

"ஹியாவ்!"

சந்து அதிர்ந்தது. ஓயோக் கிழவி முந்தானையைத் துப்பிவிட்டுத் தனியாக இன்னொரு தடவை கத்தினாள். நார்லே குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். அதற்குள் லார்யா போனோடு கிட்டே வந்தான். டெனிஸ் எழுந்து போய் அவன் போனைத் தன் உள்ளங்கையால் மூடினாள். அவன் அதைக் கீழே தாழ்த்தும்வரை கையை எடுக்கவில்லை.

சாப்பிடும்போது டெனிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?"

"டெனிஸ்னுதான். உங்கப்பன் வெச்ச பேரு. உயிரோட இருக்கான்ல? போன் போட்டுப் பேசு, போ." சொல்லிக்கொண்டே நார்லே அவள் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள். முள் எடுத்த மீன்.

சித்தப்பா ஆடு வெட்டினார். இப்போதும் நார்லேயின் அடுப்பைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் போகிறார். லார்யா மூன்று சந்து தள்ளி வேறொரு பெரியவரைப் பிடித்துவிட்டான். அங்கே எந்தச் செத்தவன் பிள்ளையின் இடம் போகிறதோ, நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊருக்கெல்லாம் ஒரு நார்லே இருக்க முடியுமா?

தாவியா சந்தைக்குப் போகும் நாட்களில் அடோலே, அத்தையின் முதுகில் துணியில் கட்டுண்டு கிடக்கிறாள். போன சனிக்கிழமை ஒரு வெளியூர்க்காரி கேமராவைத் தூக்கினாள். பிறகு என்ன தோன்றியதோ, இறக்கிவிட்டு, "பாப்பா பேரு என்ன?" என்று சிரித்தபடி கேட்டாள்.

நார்லே மீன் தட்டைக் கீழே வைத்தாள். முதுகில் இருந்ததை ஒரு தூக்குத் தூக்கிச் சரிசெய்துகொண்டாள்.

"அடோலே. நார்த்தேயோட மூத்த மக. கேட்டுக்கம்மா. எடுத்துக்கிட்டுப் போயிடாத."